பொய்ப் பறம்பில் நடந்தவர்கள்

நேற்று காலை மேசைமேல் இருந்த தம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. யாரும் மேசையைத் தொடவில்லை. அடங்கியது, மறுபடி எழுந்தது. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இன்னொரு குடியிருப்பு வருகிறது. அஸ்திவாரத்துக்காக இரும்புத் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்குகிறார்கள். கழக்கூட்டத்தில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் இதுதான் நடக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த இடிச் சத்தம் இல்லை. சத்தம் ஜன்னல் வழியே வந்து சேர்வதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்பே தண்ணீரில் வட்டம் வந்துவிட்டது. மண் முந்திக்கொண்டு சொல்கிறது, காற்று பின்னால் வந்து அதையே சொல்கிறது.

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு அந்த இடைவெளியை அளக்கப் பார்ப்பதைக் கண்டு என் வீட்டுக்காரர், “இன்னைக்கு ஆபீஸ் இல்லியா?” என்றார். நீ இருந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டாய். “எத்தனை தூரத்துல அடிக்கறான்னு கணக்கு வந்துதோ?” என்று கேட்டிருப்பாய். வரவில்லை என்று சொன்னால் நீயே ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நாலு வருஷம் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? அதன் பிறகும் தொலைபேசி இருந்தது. இப்போது வேறு வழி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் வேலை பார்த்த அந்த இடத்தைக் கம்பெனி என்று சொன்னால் கேட்பவர்கள் பெரிதாக நினைத்துக்கொள்வார்கள். கழக்கூட்டத்தில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு எடுத்த மாடி வீடு. கீழே ஈயப் பற்றவைப்பு வாசனை. மேலே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மேசை, நாம் இருவர். பின்னால் தென்னையும் ஒரு பலாவுமாக ஒரு தோட்டம். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற சார் ஒருவர்தான் முதலாளி. நீ கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாய். நான் பக்கத்திலேயே லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். சனிக்கிழமை மதியம் தம்பானூர் போய் மார்த்தாண்டத்துக்குப் பஸ் பிடிப்பேன். மற்றவர்களிடம் நாம் மலையாளம் பேசினோம், நமக்குள் தமிழ். உன்னுடையது கோயிலைச் சுற்றிய தெருக்களின் வீட்டுத் தமிழ், என்னுடையது மார்த்தாண்டம் சந்தைத் தமிழ். “நீங்க ரெண்டு பேரும் பேசறது ஒரே பாஷைதானா?” என்று சார் ஒருமுறை நிஜமாகவே சந்தேகப்பட்டுக் கேட்டார்.

வந்த வேலை இதுதான். நெடுமங்காட்டுக்கு அப்பால் ஒரு கருங்கல் குவாரி. வெடி வைக்கும் முன் மூன்று முறை சங்கு ஊதுவார்கள். மூன்றாவது சங்கு ஊதிய பிறகு உள்ளே ஒருவரும் இருக்கக்கூடாது. ஆனால் யாராவது எதையாவது மறந்துவிட்டு எடுக்கப் போவார்கள். அப்படி ஒருமுறை ஓர் ஆள் கல் பட்டுப் பிழைத்ததே பெரிது என்று ஆகியிருந்தது. ஆகவே வெடிக்கும் இடத்தைச் சுற்றிய மண் பாதைகளில் ஏதாவது கருவியைப் புதைத்து, யாராவது நடந்தால் வெடிக்காரர் முன்னால் சிவப்பு விளக்கு எரியும்படி செய்யமுடியுமா என்று குவாரிக்காரர் கேட்டார். முடியும் என்றார் சார். கையளவு நீளத்தில், ஆணி மாதிரி மண்ணில் குத்தி வைக்கிற ஜியோபோன்; அது தரையின் அதிர்வைக் கேட்கும். கூடவே ஒரு மைக். வருவது லாரியா ஆளா என்று சத்தத்தை வைத்துச் சொல்லும். இரண்டும் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க ஒரு பெட்டி.

பெட்டியைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் ஆளை நடக்கவிட்டுக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. அதனால் தோட்டத்தில் நான் நடந்த அதிர்வைப் பதிவு செய்து மாடிக்குக் கொண்டுவந்தேன். நீ அதை வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஒரு தோட்டத்தையே உண்டாக்கினாய். ஆளின் எடை, தூரம், வேகம், மண்ணின் ஈரம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி, இல்லாத ஆட்களை இல்லாத மண்ணில் நடக்கவிட்டாய். அந்த அதிர்வைக் கம்பி வழியாகப் பெட்டிக்குக் கொடுத்தால், தான் நிஜ மண்ணில் புதைந்திருப்பதாகப் பெட்டி நம்பிவிடும். சார் அதை சிமுலேஷன் என்றார். நீ அதற்குப் பொய்ப் பறம்பு என்று பெயர் வைத்தாய்; தோட்டத்துக்கு மலையாளத்தில் பறம்பு. சில வாரத்தில் சாரும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்.

உன் கேள்விகளுக்குத்தான் எனக்கு வேலையே. “பூனை நடந்தா மண்ணுக்குத் தெரியுமோ?” “மழை விட்ட உடனே ஒரு நடை, மறுநாள் காஞ்சப்பறம் ஒரு நடை, ரெண்டும் எனக்கு வேணும்.” “தேங்காய் விழுந்தா எப்படிக் கேக்கும்?” தேங்காய்க்காக இரண்டு நாள் பலா மரத்தடியில் உட்கார்ந்து தென்னைகளைப் பார்த்துக் காத்திருந்தேன். ஒன்றுகூட விழவில்லை. “அது விழலைன்னா நீ போடேன்,” என்றாய். மொட்டைமாடியிலிருந்து நான் தேங்காய் தேங்காயாகக் கீழே போட்டதைப் பார்த்து, கீழே ஈயம் பற்றவைப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். ரப்பர் செருப்போடு நடந்தேன், வெறுங்காலில் நடந்தேன், மணல் மூட்டையைத் தலையில் வைத்து நடந்தேன். நான் நடந்த நடையை எல்லாம் ஒட்டவைத்தால் மார்த்தாண்டத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று சலித்துக்கொண்டேன். “போய்த் திரும்பியும் வந்திருக்கலாம்,” என்றாய், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெட்டியின் புத்தி ரொம்ப எளிமையானது. ஏறத்தாழ ஒரே இடைவெளியில் ஆறு அடி விழுந்தால் அது மனிதன். ஒரே ஓர் அடி விழுந்து நின்றுவிட்டால் தேங்காய். தாறுமாறாக விழுந்தால் ஆடுமாடோ மழையோ. பொய்ப் பறம்பில் ஆயிரக்கணக்கில் ஆட்களை நடக்கவிட்டாய். பெட்டி ஒருவரைக்கூட விடவில்லை. சார் எல்லாருக்கும் வாழைப்பழ பஜ்ஜி மாதிரியான பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

நிஜத் தோட்டத்தில் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க நான் பெட்டியோடு பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். என் ஊரிலிருந்து எனக்குப் போன் வந்திருந்தது. கூப்பிட வேறு ஆள் இல்லாததால் நீயே இறங்கி வந்தாய். அதுவரை நீ அந்தத் தோட்டத்துக்குள் வந்ததே இல்லை. பின்கதவுப் படியில் பாசி பிடித்திருந்தது, உன் இடது காலில் காலிப்பர். இளம்பிள்ளை வாதம் விட்டுப்போன காலை நிமிர்த்தி வைக்கும் அந்த இரும்புப் பட்டையோடு நீ ஜியோபோனிலிருந்து பத்தடி தூரத்தில் என் முதுகுப் பக்கமாக நடந்து வந்திருக்கிறாய். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரியவில்லை. உன் கை என் தோளில் பட்டபோது தூக்கிவாரிப் போட்டது.

“நான் வந்தது உன் பெட்டிக்குத் தெரியலையோ?” என்றாய்.

ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் நான் செய்தது உன்னிடம் பொய் சொன்னது. “பேட்டரி தீந்திருக்கும்ட்டி,” என்றேன்.

நீ குனிந்து, பக்கத்தில் காகிதச் சுருளில் முள் வரைந்துகொண்டிருந்த கோட்டைப் பார்த்தாய். உன் அடிகள் அத்தனையும் அதில் மேடு மேடாக இருந்தன. ஒரு நீண்ட இடைவெளி, ஒரு குறுகிய இடைவெளி, மறுபடி நீளம், மறுபடி குறுகல்.

“பேட்டரி போயிருந்தா இதெல்லாம் எப்படிப் பதிஞ்சது? நன்னாத்தான் கேட்டிருக்கு. கேட்டுட்டு, மனுஷா இல்லைன்னு தள்ளிடுத்து.”

உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். பார்த்தபோது, நான் பயந்த எதுவும் அங்கே இல்லை. பார்சலைப் பிரிக்கப்போகிறவள் மாதிரி இருந்தாய். “இரு, மறுபடி நடக்கறேன். நீ விளக்கை மாத்திரம் பாரு.” பதினொரு தடவை நடந்தாய். வேகமாக, மெதுவாக, கிட்டத்தில், எட்டத்தில். விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. பிறகு பலா மரத்தடியில் உட்கார்ந்து காலிப்பரின் வாரைத் தளர்த்தி, சிவந்துபோன இடத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாய்: “என் பொய்ப் பறம்புல ஆயிரம் பேர் நடந்தாளே, அத்தனை பேரும் நீயாக்கும். குண்டா நீ, ஒல்லியா நீ, ஓடற நீ, மூட்டை தூக்கின நீ. ஒரு நொண்டிகூட இல்லை. எழுதினவளே நொண்டி, அவளுக்கே தோணலை பாரு!”

சொல்லிவிட்டுச் சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை. ஊரிலிருந்து வந்த போனும் அதற்குள் துண்டிக்கப்பட்டிருந்தது.

சாரிடம் போனோம். அவர் மலையாளத்தில் சொன்னதை என் நினைவில் இருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். “டெமோவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கு. இப்ப பெட்டியோட புத்தியை மாத்தினா, ஆடு மாடு எல்லாத்துக்கும் விளக்கு எரியும். சும்மா சும்மா எரியற விளக்கை யார் மதிப்பா? வெடிக்காரன் ஒரு வாரத்துல வயரைப் பிடுங்கிப் போடுவான். அப்ப எல்லாருக்கும்தான் ஆபத்து.” அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான், “டெமோ முடியட்டும், பொறவு பாக்கலாம்,” என்று உன்னிடம் சொன்னேன். சாருக்குப் பிடித்த பதில் அது. அந்த மாதம் என் வேலையை உறுதி செய்வார்களா என்ற கவலை எனக்கு இருந்தது. இதை உன்னிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை.

இரண்டு நாள் நீ என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டால் அறை எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, நீயாகத்தான் பேசினாய்.

“நாளைக்கு ஊருக்குப் போகாதே. குவாரிக்குப் போகலாம். என்னை மாதிரி நடக்கறவா அங்கே எத்தனை பேர்னு எண்ணலாம். ஒருத்தரும் இல்லைன்னா சார் சொல்றதே சரின்னு நானே ஒத்துக்கறேன்.”

குவாரி வாசலில் இருந்த சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வேலை முடிந்து வருகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்தோம். முகங்களைப் பார்க்கக்கூடாது என்று நீதான் விதி போட்டாய். கல் நசுக்கிய விரல்கள் உள்ள கால். ஒரு பக்கமாகவே பாரம் தூக்கித் தூக்கி இடுப்பு சாய்ந்துபோனவர். கம்பு ஊன்றி வந்த ஒரு பெரியவர். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்த பெண்கள். என் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பி, அடுத்த பக்கம் போனது. அவர்களில் பாதிப்பேர் எங்கள் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். கம்பு வைத்திருந்தவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “எந்த ஊரு மக்களே? காலைப் பாத்து என்னத்துக்கு எழுதுதிய? ஆஸ்பத்திரிலேந்தா வாறிய?” என்றார். இல்லை, ஒரு மெஷினுக்காக என்றேன். “மெஷினுக்குக் கால் எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அது நடந்தது. முன் சீட்டின் கம்பியில் நீ விரலால் தட்டிக்கொண்டே வந்தாய். நீளம், குறுகல், நீளம், குறுகல். பேரூர்க்கடை தாண்டியிருக்கும். தட்டுவதை நிறுத்தி என் கையைப் பிடித்தாய்.

“ரெண்டு அடியை ஒண்ணாச் சேத்து எண்ணிப் பாரு. இடது கால் விழறதிலேருந்து அடுத்த இடது கால் வரைக்கும். அது மாறவே இல்லைடி! நானும் சீராத்தான் நடக்கறேன். பெட்டிதான் பாதியிலேயே எண்ணிடறது.”

திங்கட்கிழமை காகிதச் சுருளை விரித்து அளவுகோலால் அளந்தோம். நீ சொன்னது சரி. உன்னுடையது மட்டுமல்ல, அதற்கடுத்த நாள்களில் நான் போய்ப் பதிவு செய்து வந்த கம்பு ஊன்றியவரின் நடையும் அப்படித்தான். அந்த நடைகளை எல்லாம் நீ பொய்ப் பறம்புக்குள் விட்டாய். பெட்டியின் புத்தியை மாற்றினாய். எல்லாருக்கும் விளக்கு எரிந்தது. சார் பயந்தபடி ஆட்டுக்கும் எரிந்தது. நாலு காலில் ஏதோ இரண்டு ஜோடி சேர்ந்துகொண்டு பெட்டியை ஏமாற்றியது. ஆட்டை மட்டும் பிரித்தெடுக்க உன்னால் முடியவில்லை, நாளும் இல்லை. இந்தத் தடவை நான் உன் பக்கம் நின்று பேசினேன். “சரி. ஆடு வந்தா நீங்க ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும்,” என்றார் சார்.

ஆடு வந்தது. டெமோ நாளன்று காலையிலேயே இரண்டு தடவை வந்தது. குவாரி விளிம்பில் தகரக் கொட்டகை. அதில் வெடிக்காரர், குவாரிக்காரர், சார், நாம் இருவர். நடுப்பகல் வெடிக்கு முன்னால் நம் பெட்டியைக் காட்டுவதாக ஏற்பாடு. முதல் இரண்டு ஒத்திகையிலும் சிவப்பு எரிந்தது. ஆளை அனுப்பிப் பார்த்தால் புல் மேயும் ஆடு. குவாரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விளக்கை அணைக்கும் பொத்தான் என் பொறுப்பில் இருந்தது.

முதல் சங்கு, இரண்டாவது சங்கு. ஆட்கள் எல்லாரும் வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றார்கள். மேஸ்திரி எண்ணிப் பார்த்துக் கையசைத்தார். மூன்றாவது சங்கு ஊதி முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஆடாயிரிக்கும்,” என்றார் வெடிக்காரர். எங்கிருந்தோ யாரோ சிரித்தார்கள். என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. உன்னைப் பார்த்தேன். நீ காகிதச் சுருளில் ஓடிய கோட்டை மூக்கு முட்டுகிற தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“ஆடுதானாட்டி?”

“தெரியலை.”

“அப்போ அணைக்கட்டா?”

“தெரியலைன்னு சொன்னேனே. தெரியலைன்னா போய்ப் பாக்கணும்.”

“இன்னொரு தடவையா?” என்றார் குவாரிக்காரர். காலையில் ஆட்டைப் பார்க்கப் போன ஆள் புளியமரத்தடியில் இருந்து நகரவில்லை. நீ எழுந்தாய். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கொட்டகையை விட்டு இறங்கி, சரளைக்கல் பாதையில் ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, நேராக ஜியோபோன்கள் புதைத்த கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாய். பலகையில் அந்தப் பாதைக்கான இரண்டாவது விளக்கும் எரிந்தது. அது ஆடு இல்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். வெடிக்காரர் வெடி விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். “அய்யோ, ஆ குட்டி!” என்று உன்னைக் காட்டிக் கத்தினார். அதற்குப் பிறகுதான் நான் ஓடி வந்தேன்.

கல்குவியலுக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் பாறையைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தாள். நம்மைவிடக் கொஞ்சம் மூத்தவள். வலது கணுக்கால் வீங்கியிருந்தது. உன்னைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைத் தூக்கியபோது காதோரமாகச் சொன்னாள்: “ஒதுங்கப் போனேம் மக்களே. ஆம்பிளையளு எல்லாரும் மரத்துக்கிட்ட நிக்கானுவ, வேற எங்க போவ? சங்கு கேட்டுது. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குன்னு நினைச்சேன். ஓட நினைச்சப்போ கால் பிசகிப் போச்சு.” மேஸ்திரி ஆண்களை மட்டும் எண்ணியிருந்தார். பெண்கள் எப்போதும் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள் என்பது அவருடைய கணக்கு.

நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அவள். மூன்று பேரும் மேலே ஏறி வந்தோம். உனக்கு மூச்சு வாங்கியது. பாதி வழியில் நின்று அவளிடம், “அக்கா, கால் சரியானப்பறம் ஒருநாள் வரேன். ஒரு பத்து தடவை நடந்து காட்டுவேளா?” என்று கேட்டாய். அவள் உன்னைப் பைத்தியக்காரி என்றுதான் நினைத்திருப்பாள். ஆனாலும் தலையாட்டினாள். அன்றைக்கு வெடி இல்லை என்று குவாரிக்காரர் சொல்லிவிட்டார். யாரும் நம்மைப் பாராட்டவில்லை. சார் நம்மை ஜீப்பில் திரும்பக் கூட்டி வந்தார். கழக்கூட்டம் வந்ததும் உனக்காகக் கதவைத் திறந்துவிட்டு, “நாளைக்கு லீவு எடுத்துக்கோ,” என்றார். நீ எடுக்கவில்லை.

குவாரிக்காரர் பெட்டிகளை வாங்கினார். வேலி போட்டு ஆடுகளை வெளியே நிறுத்தினார். பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டவேண்டும் என்று நாம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மேஸ்திரி மட்டும் அதற்குப் பிறகு பெண்களையும் எண்ணத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டோம். பக்கத்துக் குவாரிகள் எதுவும் நம்மைத் தேடி வரவில்லை. ஐடி பார்க்கில் புதிது புதிதாகக் கட்டிடங்கள் எழுந்தன; எனக்கு ஒன்றில் வேலை கிடைத்தது. நான் போகிறேன் என்று சொன்ன அன்று நீ, “நல்லதாப் போச்சு, இனி எனக்காக யார் தேங்காய் போடுவா?” என்று மட்டும் கேட்டாய். சார் கடையை மூடும்வரை நீ அங்கேயே இருந்தாய். மூடிய பிறகு அந்தப் பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய், கோட்டைக்குள் உங்கள் வீட்டின் மூன்றாம் அறையில் வைத்துக்கொண்டு ஆட்டையும் மனுஷியையும் பிரிக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தாய். போன் பண்ணும்போதெல்லாம் கேட்பேன். “கிட்டத்துல வந்துட்டேன்,” என்பாய். உன் அம்மா பின்னாலிருந்து, “ரெண்டு வருஷமா கிட்டத்துலதான் இருக்கா,” என்பாள்.

உன் முதுகெலும்பு வளைந்து, நுரையீரலுக்கு இடம் குறைந்துகொண்டே வருவது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். பேச்சுக்கு நடுவில் நீ நிறுத்தி நிறுத்தி மூச்சு விடுவதை யோசிக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அதிர்வுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை அளந்தே பிழைத்தவள் நான். உன் இடைவெளிகளை அளக்கவில்லை.

ஒரு ஜூலை மாத மழையில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் மதியம் வந்தேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நான் கொண்டுவந்த ஆரஞ்சைப் பார்க்கக்கூட இல்லை. வந்து உட்கார்வதற்குள் ஆரம்பித்தாய்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன மாசம் உன்னோட பழைய பதிவையெல்லாம் எடுத்துப் பாத்தேன். மொத மொத தோட்டத்துல நடந்தியே, அது. இந்தத் தடவை சராசரி எடுக்காம, ஒவ்வொரு அடியாப் பாத்தேன்.”

“என்ன இருந்துது?”

“உன் வலது கால் ஒரு பொடி தாமசமா விழறது.”

“சும்மா போ ட்டி! எனக்கா?”

“உனக்கேதான். கண்ணுக்குத் தெரியாது. மண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு நான் என்ன பண்ணினேன்? ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி, உன்னை நேராக்கிட்டேன். அப்பறம் அதை வெச்சு ஆயிரம் பேரை உண்டாக்கினேன்.” மூச்சுக்காக நின்றாய். “சீரா நடக்கற மனுஷி யாரும் அந்தத் தோட்டத்துல நடக்கவே இல்லைடி. நானா உண்டாக்கினதாக்கும்.”

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். “இப்பத்தானே தெரிஞ்சது,” என்று சொல்லிச் சிரித்தாய்; சிரிப்பு இருமலாக மாறி, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். கதவருகே நான் திரும்பியபோது, நீ இருமலுக்கு நடுவே என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான்கு நாள் கழித்து உன் அம்மா போன் செய்தாள். “அவ போயிட்டா,” என்றாள்.

உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்றைக்கு, உன் அறையிலிருந்து வெளியே வந்து அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துபோனபோதுதான் முதல் தடவையாக என் நடை எனக்குக் கேட்டது. இடது, கொஞ்சம் பொறுத்து வலது. அதற்குப் பிறகு கேட்காமல் இருந்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே நீளமாக ஒரு நடைபாதை இருக்கிறது, வழவழப்பான கல் பதித்தது. காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் முன்னே போகிறவர்களின் காலடி தனித்தனியாகக் கேட்கும். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு கால் பிந்துகிறது. காவல்காரருக்கு இடது. எங்கள் மேனேஜருக்கு வலது. அவருக்கு அது தெரியாது. சில நாள் அவர்களை முந்தாமல், வேண்டுமென்றே பின்னால் நடந்து எண்ணுகிறேன். சீராக நடக்கிற ஒருவரையாவது கண்டுபிடித்துவிட்டு உன்னிடம் சொல்லவேண்டும் என்று இருக்கிறேன். இன்னும் யாரும் கிடைக்கவில்லை.